வெடியுப்புத் திராவகம்: அதன் குணமும் செயலும்



ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில், இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவும் 2022-ஆம் ஆண்டுவரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவும் விளங்கும் வரதய்யபாளையம் என்ற ஊர் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1960-இல் இரு மாநிலங்களின் எல்லை திருத்தியமைக்கப்பட்டபோது, திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேட்டைச் சுற்றியிருந்த பல ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் வட்டாரம் அது. வரதய்யபாளையத்திற்குக் கிழக்கே தடா. அதனை அடுத்துப் பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால் கடலோரத்தில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. 1971-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல் ராக்கெட்டுகள் விண்ணேறி வரும் இடம் அதுவே. அந்தத் தீவின் வரலாற்றில் ஒரு திராவகத்திற்கு மறக்கவியலாத பங்கு உண்டு. அந்தத் திராவகத்தைப் பற்றியே இன்று நாம் பேச எடுத்துக்கொண்டுள்ளோம்.

அதன் விஞ்ஞானப் பெயர் நைட்ரிக் அமிலம். நம் பொற்கொல்லர்களும் பழைய வைத்தியர்களும் அதை வெடியுப்புத் திராவகம் என்று வழங்கினர். பெயர் பொருத்தமானதே. பழைய மண்சுவர்களிலும் கால்நடைக் கொட்டில்களின் தரையிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கும் உப்பு ஒன்று உண்டு. அதுவே வெடியுப்பு. அதனைக் கந்தகத் திராவகத்தோடு சேர்த்து வாலையில் இட்டுக் காய்ச்சினால், ஆவியாகிக் குளிர்ந்து சொட்டும் நீர்மமே நைட்ரிக் அமிலம். வெடியுப்பு நம் நாட்டில், சிறப்பாகப் பீகாரில், பெருமளவில் கிடைத்தது. வெடிமருந்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பல் கப்பலாக அதனை ஏற்றிச் சென்றதும் இக்காரணம் பற்றியே.

இந்த அமிலத்தின் இயல்புகளை முதலில் காண்போம். தூய நிலையில் இது நிறமற்ற நீர்மம். தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது. 83 பாகை வெப்பத்தில் கொதிக்கும். பூச்சியத்திற்குக் கீழ் 42 பாகையில் உறையும். கடைகளில் கிடைக்கும் அடர்ந்த அமிலம் முழுத் தூய்மையானது அன்று. அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பங்கு அமிலமும் எஞ்சியது நீருமாக இருக்கும். இந்த விகிதத்தை அடைந்தபின், எவ்வளவு காய்ச்சினாலும் நீரும் அமிலமும் ஒன்றாகவே ஆவியாகும், பிரிந்து வாரா.

பழைய சோதனைச்சாலைகளில் இதனைப் பழுப்புநிறப் புட்டியில் வைத்திருப்பதைப் பள்ளியில் படித்தவர்கள் கண்டிருப்பீர்கள். வெளிச்சம் பட்டால் இந்த அமிலம் சிறிது சிறிதாகச் சிதைகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு என்னும் செம்பழுப்பு வாயு உண்டாகிறது. அது அமிலத்திலேயே கரைவதால், நிறமற்றிருந்த நீர்மம் மஞ்சளாகிறது. அந்த வாயுவை வேண்டுமென்றே மிகுதியாகக் கரைத்து வைத்தால், செந்நிறப் புகை கக்கும் அமிலம் கிடைக்கும். 'செம்புகை நைட்ரிக் அமிலம்' என்பது அதன் பெயர். இப்பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னர் இது திரும்பவும் வரும்.

அமிலங்கள் பல உள்ளனவே, இதற்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். மற்ற அமிலங்களில் ஒரு துத்தநாகத் துண்டை இட்டால் ஹைட்ரஜன் வாயு குமிழியிடும். நைட்ரிக் அமிலத்தில் பெரும்பாலும் அவ்வாறு நிகழ்வதில்லை. மிகமிக நீர்த்த நிலையில் மக்னீசியம், மாங்கனீசு போன்ற ஓரிரு உலோகங்களே இதிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். காரணம் என்னவெனில், இந்த அமிலம் ஆக்ஸிஜனை வாரி வழங்கும் இயல்புடையது. இதன் எடையில் 63 பங்குக்கு 48 பங்கு ஆக்ஸிஜனே. தன்னிடமுள்ள ஆக்ஸிஜனைப் பிற பொருளுக்குக் கொடுத்து, அப்பொருளிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்ளும். இதையே ஆக்ஸிஜனேற்றம் என்கிறோம். எரிவதும் துருப்பிடிப்பதும் இதே வகையைச் சேர்ந்த செயல்கள். ஆகவே வெடியுப்புத் திராவகத்தை, நீர் வடிவில் அடைத்து வைக்கப்பட்ட நெருப்பின் பாதி என்று கருதினால் தவறில்லை. மறுபாதியாகிய எரிபொருள் வந்து சேர்ந்தால் போதும்.

செம்பின்மீது இதன் செயலைப் பாருங்கள். கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்து குளிர்ந்த நிலையில் செம்பின்மேல் ஊற்றினால் ஒன்றும் நிகழாது. அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் செம்புத் துண்டு விழுந்த மாத்திரத்தில் பாத்திரம் முழுதும் செம்பழுப்புப் புகை எழும். நீர்மம் பச்சையும் நீலமுமாக மாறும். அமிலத்தை நீர்க்கச் செய்தால், புகையின் வகையும் மாறிவிடுகிறது. முதலில் வெளிப்படுவது நைட்ரிக் ஆக்சைடு என்ற நிறமற்ற வாயு. அது காற்றைத் தொட்டவுடனேயே பழுப்பாகிறது. இன்னும் மிக நீர்த்த அமிலத்தில் துத்தநாகத்தை இட்டால், வாயு ஏதும் வெளிவராமல் அம்மோனியம் நைட்ரேட் என்னும் உப்பே உண்டாகலாம். ஒரே அமிலம், செறிவுக்கேற்ப வெவ்வேறு முகம் காட்டுகிறது.

வியப்பான இன்னொன்றும் உண்டு. நீர்த்த அமிலத்தில் கரைந்துபோகும் இரும்பு, அடர்ந்த அமிலத்தில் கரைவதில்லை. அலுமினியமும் அப்படியே. உலோகத்தின் மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று பிடித்து, அதுவே கவசமாகிவிடுகிறது. அடர்ந்த நைட்ரிக் அமிலத்தை அலுமினியத் தொட்டிகளில் ஏற்றிச் செல்வது இதனால்தான். துருவேறா எஃகுப் பொருள்களை இந்த அமிலக் கரைசலில் தோய்த்தெடுத்து உறுதிப்படுத்துவதும் இதே தத்துவத்தைக் கொண்டே.

பொன்னிடம் மட்டும் இதன் வலிமை செல்லுபடியாகாது. நம் ஆசாரிமார் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். நகையை உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விடுவார்கள். கோடு செம்பாயின் உடனே மறையும்; பொன்னாயின் நிற்கும்; கலப்பாயின் மங்கும். மங்கும் அளவைக்கொண்டு மாற்றுச் சொல்வார்கள். பொன்னையும் வெள்ளியையும் பிரிப்பதற்கு வேறொரு முறை உண்டு. கலப்பில் பொன்னின் அளவு மிகுந்திருந்தால் வெள்ளிக்குள் அமிலம் புகமுடியாது. ஆகவே மேலும் வெள்ளி சேர்த்து உருக்கி, பொன் கால்பங்கும் வெள்ளி முக்கால்பங்குமாக ஆக்கிக்கொண்ட பின்னரே அமிலத்தில் இடுவர். வெள்ளி கரைந்துபோகும், பொன் கருநிறத் தூளாக அடியில் தங்கும். கரைந்த வெள்ளியும் வீணாவதில்லை. அந்த நீரில் ஒரு செப்புத் தகட்டைப் போட்டு வைத்தால், செம்பு கரைந்து வெள்ளி மீண்டும் படியும்.

பொன்னைக் கரைக்கவே வேண்டுமாயின், நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்குமாகக் கலக்கவேண்டும். இதற்கு இராஜ திராவகம் என்று பெயர். ஒன்று பொன்னை ஆக்ஸிஜனேற்றுகிறது; மற்றொன்று அவ்வாறு மாறிய பொன்னைப் பிடித்துக் கரைசலில் நிறுத்துகிறது. இருவர் கூடினாலன்றி இக்காரியம் ஆகாது. 1940-இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, ஹெவெசி என்ற விஞ்ஞானி, லவே, பிராங்க் ஆகிய இருவருடைய நோபல் பொற்பதக்கங்களையும் இராஜ திராவகத்தில் கரைத்து, சோதனைச்சாலை அலமாரியில் சாதாரணப் புட்டிபோல் வைத்துவிட்டார். போர் முடிந்தபின் அந்த நீரிலிருந்து பொன்னைப் பிரித்தெடுத்து, பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன.

நம் நாட்டு இரசாயன விஞ்ஞானத்தின் வரலாற்றிலும் இந்த அமிலத்திற்கு இடமுண்டு. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பிரபுல்ல சந்திர ராய் என்னும் பேராசிரியர், நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தின்மேல் செயற்படவிட்டபோது, மஞ்சள்நிறப் படிகங்கள் தோன்றக் கண்டார். அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்ற புதிய பொருள். 1896-இல் அவர் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியே உலக விஞ்ஞானிகளின் கவனத்தை அவர்பால் திருப்பியது.

உங்கள் ஒவ்வொருவரின் விரலிலும் கூட இந்த அமிலத்தின் வழித்தோன்றல் ஒன்று படிந்திருக்கும். எந்த மாநிலத்தில் வாக்களித்தாலும், இடக்கை ஆட்காட்டி விரலில் ஒரு கோடு இடுகிறார்கள் அல்லவா? அந்த மையில் உள்ள வெள்ளி நைட்ரேட், வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பெறுவது. வெளிச்சம் பட்டதும் அது கறுத்துத் தோலோடு ஒன்றிவிடுவதால், சோப்பும் நீரும் அதனை அகற்றமாட்டா. 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் மைசூரில் உள்ள தொழிற்சாலை ஒன்று இந்த மையைத் தயாரித்து வருகிறது.

இன்று இந்த அமிலம் வெடியுப்பிலிருந்து செய்யப்படுவதில்லை. ஜெர்மானிய விஞ்ஞானி ஆஸ்ட்வால்ட் 1902-இல் உரிமம் பெற்ற முறையே எங்கும் வழங்குகிறது. அம்மோனியா வாயுவையும் காற்றையும் கலந்து, ஏறத்தாழ 850 முதல் 900 பாகை வெப்பத்தில், பிளாட்டினக் கம்பி வலையின் ஊடே செலுத்துகிறார்கள். அம்மோனியா நைட்ரிக் ஆக்சைடாகிறது. அது மேலும் ஆக்ஸிஜனை ஏற்று, நீரில் கரைந்து, அமிலமாகிறது. இவ்வாறு கிடைப்பதில் பெரும்பகுதி உரத்திற்கே செல்கிறது. எஞ்சியது சாயம், வெடிமருந்து, மருந்து எனப் பல வழிகளில் பயன்படுகிறது.

இனி ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வருவோம்.

வான்வெளியில் காற்று இல்லை. ஆகையால் ராக்கெட் தன் எரிபொருளோடு, அதனை எரிப்பதற்கான ஆக்ஸிஜனையும் தானே சுமந்து செல்லவேண்டும். திரவ ஆக்ஸிஜனைச் சுமக்கலாம். ஆனால் அது பூச்சியத்திற்குக் கீழ் 183 பாகைக் குளிரில் வைக்கப்பட வேண்டியது. செம்புகை நைட்ரிக் அமிலமோ சாதாரண வெப்பநிலையிலேயே நீர்மமாக இருக்கும். பல நாள் தொட்டியில் நிறைத்து வைக்கலாம். மேலும் ஹைட்ரசீன் இனத்து எரிபொருள்களோடு இது சேர்ந்தால், தீக்குச்சியோ மின்பொறியோ வேண்டா. தொட்டவுடன் தானே பற்றிக்கொள்ளும். நினைத்தபோது எரியவும், நினைத்தபோது நிற்கவும் வேண்டிய சிறு கட்டுப்பாட்டு எந்திரங்களுக்கு இது மிகவும் உகந்தது.

ஆனால் உதவியாகும் அந்தக் குணமே இடராகவும் முடிகிறது. இந்த அமிலம் தான் தங்கியிருக்கும் தொட்டியையே மெல்ல அரிக்கும். அரிப்பினால் உண்டாகும் உலோக உப்புகள் கசடாகப் படியும். இதனைத் தடுக்க, ஹைட்ரோபுளோரிக் அமிலத்தை நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் சேர்க்கும் முறை 1950-களில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. தொட்டியின் உட்புறத்தில் புளோரைடுப் படலம் பிடித்து அரிப்பைக் குறைக்கும். அப்படியிருந்தும் இந்த அமிலம் செல்லும் குழாயும் அடைப்பிதழும் இம்மியளவு மாசும் இன்றி இருக்கவேண்டும் என்பது விதி.

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவு ஊர்தியாகிய எஸ்.எல்.வி.-3, சுமார் 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது. அதன் நான்கு அடுக்குகளும் திட எரிபொருளால் இயங்குபவை. இரண்டாம் அடுக்கு பறக்கும்போது திசை பிறழாமல் நிறுத்துவதற்கு வேண்டிய விசையைத் தரும் அமைப்பில் மட்டும் செம்புகை நைட்ரிக் அமிலம் இடம்பெற்றது. இத்திட்டத்தின் இயக்குநர், இராமேசுவரத்தில் பிறந்து பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அவர் 'அக்னிச் சிறகுகள்' என்ற தம் வரலாற்று நூலில் இந்த அமிலத்தால் நேர்ந்த இரு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துள்ளார்.

முதலாவது, 1979-இல் நடந்த சோதனை ஒன்று. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தரையில் நிறுத்திச் சோதிக்க, ஆறு பேர் ஆயத்தமாக இருந்தனர். இன்னும் 15 நிமிடமே உள்ள நிலையில், பன்னிரண்டு அடைப்பிதழ்களில் ஒன்று இயங்கவில்லை. என்னவென்று பார்க்க ஆறு பேரும் அருகே சென்றனர். அத்தருணத்தில் அமிலத் தொட்டி வெடித்தது. அறுவர்மேலும் அமிலம் பாய்ந்து, கடுமையான புண்களை உண்டாக்கியது. திருவனந்தபுரத்து மருத்துவமனையில் அவர்களுக்கு இடம் கிடைப்பதே அரிதாயிற்று. காயமுற்ற ஒருவர், உடலெங்கும் புண்ணோடு கிடந்த நிலையிலும், வேலை தாமதப்பட்டதற்காகவே வருந்தினார் என்று கலாம் எழுதுகிறார்.

இரண்டாவது நிகழ்ச்சி 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள். காலை எட்டு மணிக்குச் சற்று முன், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 எழுந்தது. முதல் அடுக்கு செவ்வனே இயங்கியது. இரண்டாம் அடுக்கு தொடங்கியதும் ஊர்தி கட்டுக்கு அடங்காமல் நிலைகுலைந்தது. புறப்பட்ட 317-ஆம் விநாடியில் அது வங்கக் கடலில் வீழ்ந்தது.

ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. புறப்படுவதற்கு எட்டு நிமிடம் முன்பு, அமிலத் தொட்டியின் மின்காந்த அடைப்பிதழ் ஒன்றுக்குக் கட்டளை சென்றது. திறந்த அந்த அடைப்பிதழ், உள்ளே சிக்கிய மாசினால் மூடவில்லை. அமிலம் கசிந்துகொண்டே இருந்தது. வானில் விசை தேவைப்பட்டபோது எரிபொருள் மட்டும் வந்தது. அதனை எரிக்க வேண்டிய அமிலம் வரவில்லை. நெருப்பின் பாதி இல்லாதபோது மறுபாதியால் என்ன பயன்? ஏழாண்டு உழைப்பை ஒரு சிறு மாசு கடலில் தள்ளியது. புறப்படுமுன் கணிப்பொறி கசிவைச் சுட்டிக்காட்டி எண்ணிக்கையை நிறுத்தியதையும், போதிய கையிருப்பு உண்டு என்ற நிபுணர்களின் சொல்லை நம்பித் தாமே தொடரும்படி முடிவு செய்ததையும் கலாம் பின்னாளில் பல மேடைகளில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். அன்று பத்திரிகையாளர்களின் முன் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர், நிறுவனத்தின் தலைவரான சதீஷ் தவான்.

குற்றவாளி யார் என்று தேடுவதிலேயே அவர்கள் காலத்தைக் கழிக்கவில்லை. மாசு எங்கிருந்து வந்தது, அடைப்பிதழ் ஏன் மூடவில்லை, எச்சரிக்கை ஏன் புறக்கணிக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினர். ஓராண்டுக்குள், 1980-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், அதே தீவிலிருந்து அதே வகை ஊர்தி ரோகிணிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. தன் சொந்த ஊர்தியால் செயற்கைக்கோள் ஏவிய நாடுகளின் வரிசையில் இந்தியா சேர்ந்தது அன்றுதான்.

நைட்ரிக் அமிலத்தின் உறவினர் இன்றும் அத்தீவில் பணியாற்றுகிறார். விகாஸ் எந்திரம் நைட்ரஜன் டெட்ராக்சைடு என்னும் நீர்மத்தைக் கொண்டு இயங்குவது. செம்புகை அமிலத்தில் கரைந்திருக்கும் அந்தப் பழுப்பு வாயுவின் இணைந்த வடிவமே அது. 21 பாகையிலேயே கொதித்துவிடுவதால், நம் வெயிலில் அதனை அழுத்தத்தில் அடைத்தே காக்கவேண்டும். 2023-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் சந்திரயான்-3-ஐ ஏந்திச் சென்ற ஊர்தியின் நடு அடுக்கில் இரண்டு விகாஸ் எந்திரங்கள் இருந்தன.

அன்பர்களே, நகைப்பட்டறையிலும் முலாம் பூசும் பட்டறையிலும் எஃகுத் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் நம்மவர் பல நகரங்களில் உள்ளனர். அவர்களுக்காகச் சில சொற்களைத் தனியே கூறவேண்டியது நம் கடமை.

இந்த அமிலம் தோலில் பட்டால் அந்த இடம் மஞ்சளாகும். தோலின் புரதத்தோடு அமிலம் கூடுவதால் தோன்றும் நிறம் அது, கழுவினால் போகாது. நிறம் போகவில்லையே என்று தேய்க்கவேண்டா. பட்ட உடனே அமிலம் நனைந்த துணியைக் களைந்து, ஓடும் நீரில் கால்மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவி, மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்ணில் பட்டாலும் அவ்வாறே. சோடா உப்பையோ சுண்ணாம்பையோ புண்ணின்மேல் அப்பக்கூடாது. அதில் எழும் சூடு புண்ணை மேலும் பெரிதாக்கும்.

அமிலம் தரையில் சிந்தினால் மரத்தூளையோ வைக்கோலையோ கந்தைத் துணியையோ இட்டு ஒற்றக்கூடாது. அவை எரிபொருள், அமிலம் ஆக்ஸிஜன் தருவது. இரண்டும் சேர்ந்தால் தீப்பற்றலாம். உலர்ந்த மணலே தக்கது. சாராயம், அசிடோன் போன்றவற்றின் அருகே இந்த அமிலத்தை வைப்பதும் பேராபத்து. நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டும்; அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது செம்பழுப்புப் புகை. அதனைச் சுவாசித்தவருக்கு முதலில் சிறிது இருமலும் தொண்டைக் கரகரப்பும் தோன்றி, பின் அடங்கிவிடும். நலமாகிவிட்டது என்று எண்ணி அவர் அறைக்குச் சென்று படுத்துக்கொள்வார். ஆனால் அந்த வாயு நுரையீரலின் ஈரத்தோடு கலந்து, அங்கே மீண்டும் அமிலமாகித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பல மணி நேரம் கழித்து, சில வேளை ஒரு நாள்கூடக் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே புகையை மிகுதியாகச் சுவாசித்தவர், எவ்வளவு நலமாக உணர்ந்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் சென்று, நேர்ந்ததைச் சொல்லி, மருத்துவர் கண்காணிப்பில் இருக்கவேண்டும். ஊரின் மொழி சரியாகத் தெரியாதே என்று தயங்கவேண்டா. 'நைட்ரிக் அமிலப் புகை' என்ற பெயர் எல்லா மாநிலத்து மருத்துவருக்கும் விளங்கும். அறைத்தோழர்களும் அவரை இரவில் தனியே விட்டுவிடாமல் உடன் செல்வது நலம்.

அமில விற்பனையைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிறப்பித்த ஆணையையும் நினைவூட்டுகிறோம். வாங்குபவர் 18 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும்; அடையாளச் சான்று காட்டுதல் வேண்டும்; விற்பவர் பதிவேட்டில் விவரம் குறித்தல் வேண்டும். தொழிலுக்காக வாங்குவோரும் இவ்விதியைத் தட்டிக்கழிக்கலாகாது.

வெடியுப்புத் திராவகம் வயலுக்கு உரம் தருகிறது. உரைகல்லில் பொன்னின் மாற்றைக் காட்டுகிறது. ராக்கெட்டை வழிநடத்தவும் துணைபுரிந்திருக்கிறது. 1979-இல் வங்கக் கடலில் வீழ்ந்த ஊர்தியின் கதையிலும், ஒரு பட்டறையில் எழும் பழுப்புப் புகையிலும் நாம் காண்பது ஒன்றே. இந்த அமிலம் முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது: கசிவாகவோ, நிறமாகவோ, புகையாகவோ. அந்த அடையாளத்தைக் கண்டதும் வேலையை நிறுத்திப் பார்ப்பவருக்கு இது நல்ல ஊழியன். வேலை தாமதப்படுமே என்று எண்ணிக் கடந்து செல்லாதீர்கள்.